கீமோவும் குலுக்கலும்: மருத்துவச் சோதனை என்றால் என்ன?

"டிரையல் ஒன்று நடக்கிறது. நீங்கள் அதில் சேரலாம். வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்." டாக்டர் இப்படிச் சொன்னதும் அறைக்கு வெளியே வந்து குடும்பம் பேசுகிற முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான்: "நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள்." அடுத்தது: "அப்படியானால் வேறு வழியே இல்லையா?" முதல் பேச்சில் இருப்பது பயம். இரண்டாவதில் இருப்பது தவறான கணிப்பு. எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு போய்ச் சேருகிற கடைசி வாசல்தான் டிரையல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பயத்தை நான் கேலி செய்யப் போவதில்லை. காரணமில்லாமல் வந்த பயம் அல்ல அது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்தப் பயத்தோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்கு இன்று ஏற்றப்படும் கீமோ மருந்து ஒவ்வொன்றின் அளவும், எதோடு எதைச் சேர்ப்பது என்ற பட்டியலும், எத்தனை தவணையோடு நிறுத்துவது என்ற கணக்கும் யாரோ சில ஆயிரம் பேர் இதே கேள்வியைக் கேட்டு, யோசித்து, கையெழுத்துப் போட்டதால் கிடைத்தவை. டிரையலே வேண்டாம் என்பவரும் அந்த ஆயிரம் பேரின் பலனைத்தான் நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்.

கிளினிக்கல் டிரையல் என்பதை மருத்துவச் சோதனை என்று எழுதுகிறோம். பொருள் இவ்வளவுதான்: இரண்டு வழிகளில் எது மேலானது என்று உலகில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, முன்கூட்டியே எழுதிவைத்த திட்டப்படி நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்து, கணக்கெடுத்து, விடை காண்பது. டாக்டருக்கு விடை ஏற்கெனவே தெரியும் என்றால் அதைச் சோதனையாக நடத்துவதே தவறு. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. புற்றுநோய் அல்ல, ஆனால் நுரையீரல்தான்: காசநோய். 1950-களில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு, நர்சுகளின் கவனிப்பு. நெரிசலான ஒற்றை அறை வீட்டில், பாதி வயிற்றுச் சாப்பாட்டோடு மாத்திரை விழுங்கினால் குணமாகுமா? ஆகாது என்றுதான் படித்தவர்கள் நம்பினார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் கீமோதெரபி மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. கீமோதெரபி என்ற சொல் அப்போதே நம்மூர்ப் பெயர்ப் பலகையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். மருந்தால் நோயைத் தாக்குவது என்பதுதான் அதன் மூலப் பொருள். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வீட்டில், மறு பாதி சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடுதலாக வந்ததாகவும் தெரியவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாக வேறு வேலைக்குத் திரும்பின. ஒன்றும் இல்லாதவர்கள் என்று ஊர் நினைத்த ஏழை நோயாளிகள்தான் அந்த விடையைக் கொடுத்தவர்கள்.

இப்போது நுரையீரல் புற்றுநோய்க்கு வருவோம். 2022-இல் உலகில் சுமார் 25 லட்சம் பேருக்குப் புதிதாக வந்த நோய் இது. 18 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். வேறு எந்தப் புற்றுநோயும் இவ்வளவு பேரைக் கொண்டுபோவதில்லை. இதில் இரண்டு பெரும் வகை உண்டு. வேகமாகப் பரவும் சிறுசெல் வகை ஒன்று. ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு வருகிற சிறுசெல் அல்லாத வகை மற்றொன்று. இந்தக் கட்டுரையில் பேசப்போவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி.

கீமோ என்று நாம் சொல்வது வேகமாகப் பிளவுபடும் செல்களைக் கொல்லும் மருந்து. அதற்குப் புற்று எது, முடிவேர் எது என்று பார்க்கத் தெரியாது. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. குறைந்த அணுக்கள் மீண்டும் ஏறுவதற்காகத்தான் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு தவணை என்று இடைவெளி விடுகிறார்கள். நுரையீரல் புற்றுக்கான கீமோவில் பல பத்தாண்டுகளாக ஆணிவேராக நிற்பது பிளாட்டினம் சேர்ந்த மருந்துகள். அமெரிக்காவின் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் 1960-களின் நடுவில் பாக்டீரியாக்கள் மீது மின்சாரத்தின் விளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நீண்டு நீண்டு வளர்ந்தன. காரணம் மின்சாரம் அல்ல. மின்முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம். சிஸ்பிளாட்டின் பிறந்தது அப்படித்தான். 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தற்செயலாகக் கண்ணில் பட்டது என்னவோ உண்மை. ஆனால் அது மனிதனுக்கு எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று தற்செயலாகத் தெரிந்துவிடவில்லை.

ஏன் சோதனை வேண்டும்? அனுபவமுள்ள டாக்டர் பார்த்துச் சொன்னால் போதாதா?

போதாது என்பதற்கு நுரையீரல் புற்றுநோயின் வரலாற்றிலேயே கசப்பான சான்று இருக்கிறது. அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத செல்கள் எங்கேனும் ஒளிந்திருக்கலாம். ஆகவே மருந்து கொடுத்து அவற்றையும் கொன்றுவிடலாம். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை, அன்றைய டாக்டர்களுக்கும் தெரியவில்லை. போர்க்களத்துக் கடுகு வாயுவின் வழிவந்த மருந்துகளை அறுவைக்குப் பிறகு நீண்ட காலம் கொடுத்துப் பார்த்தார்கள். 1995-இல் 52 சோதனைகளில் சேர்ந்த 9,387 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது உண்மை தெரிந்தது. அந்தப் பழைய மருந்துகளைப் பெற்றவர்கள், மருந்தே பெறாதவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு ஐந்து பேர் கூடுதல். நல்லெண்ணத்தோடு, முழு நம்பிக்கையோடு கொடுக்கப்பட்ட மருந்து அது. எந்த டாக்டரும் தன் நோயாளிகளைப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. புற்றுநோய் வந்தவர் இறந்தால் புற்றுநோயால் இறந்தார் என்றுதானே எல்லோரும் நினைப்போம்?

அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருந்தது. சிஸ்பிளாட்டின் கொடுத்த சோதனைகளில் நன்மை தெரிந்தது. நோய் முற்றியவர்களில், வெறும் ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சிஸ்பிளாட்டின் கீமோவும் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாக ஓராண்டைக் கடந்தார்கள். அதுவரை "நுரையீரல் புற்றுக்குக் கீமோ வீண்" என்று சொன்ன டாக்டர்கள் பலர். ஆக, கொடுக்கலாம் என்றவர்களும் வீண் என்றவர்களும் பாதி சரி, பாதி தவறு.

அறுவைக்குப் பிறகு சிஸ்பிளாட்டின் கொடுத்தால்? அங்கே விடை தெளிவாக இல்லை. அதற்காகவே 33 நாடுகளைச் சேர்ந்த 148 மருத்துவமனைகள் கைகோத்தன. 1,867 நோயாளிகள் சேர்ந்தார்கள். 2004-இல் வெளியான முடிவு: ஐந்தாண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் கீமோ பெற்றவர்களில் 44.5 சதவீதம், பெறாதவர்களில் 40.4 சதவீதம். வித்தியாசம் நூற்றுக்கு நான்கு பேர்.

நான்குதானா என்று தோன்றும். இந்த நான்கில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு டாக்டர் வருடத்துக்கு இப்படி ஐம்பது நோயாளிகளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் இரண்டு பேர் கூடுதலாகப் பிழைத்தால் அவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இந்த வருடம் நல்ல வருடம் என்று நினைப்பார், அவ்வளவுதான். ஆனால் அதே நூற்றுக்கு நான்கைச் சில லட்சம் பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகை வருகிறது. சிறிய நன்மையைப் பார்க்கப் பெரிய கூட்டம் வேண்டும். ஆயிரம் ஆயிரமாக ஆட்கள் கேட்பது அதனால்தான். மருந்துக் கம்பெனியின் பேராசை என்று மட்டும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது.

நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும். அதே 1,867 பேரை இன்னும் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, ஐந்தாண்டுக்குப் பின் அந்த நன்மை தேய்ந்துபோனது; புற்றுநோய் அல்லாத காரணங்களால் இறந்தவர்கள் கீமோ பிரிவில் சற்றுக் கூடுதல். பிறகு இதையும் வேறு நான்கு பெரிய சோதனைகளையும் சேர்த்து 4,584 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஐந்தாண்டில் நூற்றுக்கு ஐந்து சொச்சம் பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று வந்தது. கூடவே, மிகத் தொடக்க நிலையில் சிறிய கட்டியோடு வந்தவர்களுக்கு அந்த நன்மை தெரியவில்லை. அதனால்தான் இன்று ஒருவருக்கு அறுவைக்குப் பிறகு கீமோ எழுதுகிறார்கள், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை "உங்களுக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்" என்கிறார்கள். இரண்டாமவருக்குக் கிடைத்த விடுதலையும் டிரையல் தந்ததுதான்.

இனி, எல்லோருக்கும் உறுத்துகிற இடம்: குலுக்கல். யாருக்கு எந்தச் சிகிச்சை என்று டாக்டரோ நோயாளியோ தேர்ந்தெடுப்பதில்லை. கணினி தேர்ந்தெடுக்கிறது. உயிர் விஷயத்தில் இப்படியா என்று கேட்கத் தோன்றும். டாக்டரிடம் தேர்வை விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். தெம்பாக நடந்து வருபவருக்குப் புது மருந்தைக் கொடுப்பார். தள்ளுவண்டியில் வருபவருக்குத் தயங்குவார். முடிவில் புது மருந்து ஜெயித்ததா, தெம்பு ஜெயித்ததா என்று பிரித்தறிய முடியாது. குலுக்கிப் பிரித்தால் தெம்பு, வயது, பணம், புகைப் பழக்கம் எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழும். மிஞ்சும் வித்தியாசம் மருந்துடையது.

"எனக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஏற்றிவிடுவார்களோ?" என்பது அடுத்த கேள்வி. புற்றுநோய்ச் சோதனைகளில் பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஏற்கெனவே இருந்தால், அதைப் பறித்துவிட்டுப் போலி மருந்து மட்டும் கொடுப்பதை நெறிமுறை ஏற்காது. 2018-இல் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். 616 நோயாளிகள். அனைவருக்கும் பெமெட்ரெக்சட்டும் பிளாட்டினமும் சேர்ந்த கீமோ. அதோடு மூன்றில் இரண்டு பங்கினருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப். மூன்றில் ஒரு பங்கினருக்கு அதன் இடத்தில் மட்டும் போலி மருந்து. நோய் வளர்ந்தால் அவர்களும் உண்மை மருந்துக்கு மாறலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் புது மருந்துப் பிரிவில் 69 சதவீதம், மற்றதில் 49 சதவீதம். நூற்றுக்கு நான்கைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த இருபது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சோதனைகளுக்குக் கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் சில பத்துப் பேர். எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் கட்டி சுருங்குகிறதா என்று. மூன்றாவதில்தான் நூற்றுக்கணக்கில் ஆட்கள், குலுக்கல், ஒப்பீடு. ஆகவே யாரேனும் டிரையல் என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது எத்தனையாவது கட்டம் என்பதைத்தான். முதல் கட்டத்தில் சேர்பவருக்குச் சொந்தப் பலன் கிடைக்கும் வாய்ப்புக் குறைவு; அதை மறைக்காமல் சொல்கிறார்களா என்பதிலேயே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

மற்ற நாட்டார் சோதித்துக்கொள்ளட்டும், நமக்கு எதற்கு என்பவர்களுக்காக ஒரு கதை. நுரையீரல் புற்றுச் செல்களில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று இன்று பயாப்ஸிக்காகக் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்ததும் பார்க்கிறார்கள். இந்த மாற்றம் மேலை நாட்டு நோயாளிகளைவிட ஆசியர்களிடம் அதிகம். புகைபிடிக்காத பெண்களிடம் மேலும் அதிகம். ஜெஃபிடினிப் என்ற மாத்திரை இந்த மரபணுவின் வேலையைத் தடுக்கிறது. 2009-இல் ஆசிய நாடுகளின் 1,217 நோயாளிகளைக் கொண்டு மாத்திரையா கீமோவா என்று ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. நோய் வளராமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று மாதவாரியாக வரைந்த படத்தில் இரு பிரிவின் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. முதல் மாதங்களில் கீமோ முந்துகிறது. பிறகு மாத்திரை முந்துகிறது. இது என்ன குழப்பம்? மரபணு மாற்றம் இருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை மிக நன்றாக வேலை செய்தது. இல்லாதவர்களுக்குக் கீமோவே மேல். மாத்திரை அவர்களுக்கு நாளைத்தான் வீணாக்கியது. அதன்பிறகுதான் மரபணுவைப் பார்க்காமல் மாத்திரை எழுதக் கூடாது என்பது உறுதியானது.

அதிலிருந்து ஒரு நம்பிக்கை வளர்ந்தது: மாற்றம் இருந்தால் மாத்திரை போதும், கீமோ தேவையில்லை. நோயாளிகளுக்கும் நிம்மதி, ஊசி இல்லை, முடி கொட்டாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் இந்த நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்டார்கள். மாத்திரையோடு பழைய கீமோவையும் சேர்த்தால்? 2016-லிருந்து 2018 வரை 350 நோயாளிகளைச் சேர்த்தார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் வளராமல் இருந்த காலம் இடைநிலையாக 8 மாதம். கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 16 மாதம். மொத்த ஆயுளும் கூடியது. இடைநிலை என்பதை ஒரு வரிசையாக நினைத்துக்கொள்ளலாம்: எல்லோரையும் காலவரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவரின் எண் அது. பாதிப் பேர் அதற்குக் குறைவு, பாதிப் பேர் அதிகம். உங்கள் வீட்டு நோயாளிக்கு அத்தனை மாதம்தான் என்று அதற்குப் பொருளில்லை.

இதற்கு விலையும் இருந்தது. கடுமையான பக்கவிளைவுகள் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதம், கீமோவும் பெற்றவர்களில் 51 சதவீதம். ஜப்பானில் நடந்த இதேபோன்ற சோதனையும், பின்னர் புதிய மாத்திரையான ஆசிமெர்டினிபோடு கீமோ சேர்த்துப் பல நாடுகளில் நடந்த சோதனையும் இதே திசையைத்தான் காட்டின. இரண்டாவதன் முடிவு 2023-இல் வந்தது: நோய் வளராமல் இருந்த காலம் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு இடைநிலையாக 16.7 மாதம், கீமோவும் பெற்றவர்களுக்கு 25.5 மாதம்.

மும்பையில் சேர்ந்த அந்த 350 பேரும் நம்மைப்போல ரயிலில் வந்து இறங்கி, மருத்துவமனை வாசலில் டோக்கனுக்கு நின்றவர்கள்தாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் போன்ற பழைய மருந்துகளை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், விலை குறைவு. அவற்றை இன்னும் நன்றாகப் பயன்படுத்துவது எப்படி என்று கண்டுபிடித்தால் லாபம் பார்ப்பவர் குறைவு. ஆகவே அந்தக் கேள்வியைக் கோடிகளைக் கொட்டிக் கேட்க ஆள் கிடைப்பதில்லை. குறைந்த அளவில் கொடுத்தாலும் போதுமா, தவணையைக் குறைக்கலாமா, வாந்தியை நிறுத்த மலிவான மாத்திரை ஒன்று போதுமா என்பவை ஏழை நாட்டின் கேள்விகள். அரசு மருத்துவமனைகளும் பொது நிதியும் நோயாளிகளும் சேர்ந்துதான் அவற்றைக் கேட்க முடியும். கீமோவால் வரும் வாந்தியைத் தடுக்க ஓலன்சபின் 10 மில்லிகிராம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2.5 மில்லிகிராம் கொடுத்தாலும் அதே பலன், பகல் தூக்கம் குறைவு என்று காட்டியதும் மும்பைச் சோதனை ஒன்றுதான். நாலில் ஒரு பங்கு மாத்திரை! கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். கீமோ முடிந்து இரண்டு நாள் எழவே முடியாமல் கிடந்தவரிடம் கேட்டுப் பாருங்கள், சாதாரணமா என்று.

சோதனை என்றால் எப்போதும் மருந்து என்றும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை. மறு பிரிவுக்கு அதோடு, வலி, மூச்சுத் திணறல், மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனிக்கும் நோய்த்தணிப்பு மருத்துவக் குழுவின் சந்திப்பு, முதல் வாரங்களிலிருந்தே. 2010-இல் முடிவு வந்தது. இரண்டாம் பிரிவினருக்கு வாழ்க்கை இதமாக இருந்தது, மனச்சோர்வு குறைந்தது. அதோடு ஆயுளும் கூடியிருந்தது. இடைநிலை 8.9 மாதம் 11.6 ஆனது. கடைசி நாட்களில் அவர்கள் பெற்ற கடுமையான சிகிச்சை குறைவு. நோய்த்தணிப்பு என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று அழுகிற நம் வீடுகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

முதலில் சொன்ன பயத்துக்கு வருகிறேன். நோயாளிகளுக்குச் சரியாகச் சொல்லாமல், புரியவைக்காமல் சோதனை நடத்தினார்கள் என்ற புகார்கள் இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2013 வாக்கில் நீதிமன்றம் கடுமையாகத் தலையிட்டது, விதிகள் இறுகின. 2019-இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகளுக்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆக, பயப்பட்டவர்கள் சத்தம் போட்டதால்தான் இன்றைய பாதுகாப்பு வந்தது. சேர்பவரும் அதே சத்தத்தோடு சேர்வது நல்லது.

பாதுகாப்பு என்றால் என்னென்ன? எந்தச் சோதனையும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர். பாதிப் பேர் அந்த மருத்துவமனைக்கு வெளியே உள்ளவர்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவர், பெண் ஒருவர் இருந்தாக வேண்டும். சோதனை தொடங்கும் முன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் சிடிஆர்ஐ என்ற பதிவேட்டில் அதைப் பதிய வேண்டும். 2007-இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். டாக்டர் சொல்லும் சோதனைக்குப் பதிவு எண் கேளுங்கள். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் விதியில் இடமுண்டு. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

கஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் கூடுதல், ரத்தப் பரிசோதனை கூடுதல், சில சமயம் மறுபடி பயாப்ஸி. குறித்த நாளில் வந்தே ஆக வேண்டும். விரும்பியும் சேர முடியாமல் போகலாம்: சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து என்பதால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சுணங்கினால் ஏறும் கழிவுப்பொருள்) அளவு கூடினால் திருப்பி அனுப்புவார்கள். எழுந்து நடமாடும் தெம்பு இருக்கிறதா என்றும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். புது மருந்து பழையதைவிட மோசம் என்று முடிவதும் உண்டு. இதற்காகவே தனிக்குழு ஒன்று நடுவில் கணக்கைத் திறந்து பார்க்கும். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்தால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லும்.

இங்கே ஒரு பேச்சு. நம் வீடுகளில் கீமோ நடக்கும்போதே உறவினர் ஒருவர் நாட்டு மருந்துப் பொட்டலத்தோடு வருவார். அன்பினால்தான் வருகிறார். மறுக்க முடியாமல் நோயாளி சாப்பிடுவார். டாக்டரிடம் சொல்ல மாட்டார். ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே மருந்தோடு மல்லுக்கட்டும் நேரம் அது. சோதனையில் இருப்பவர் இதை மறைத்தால் தன் உடலையும் கெடுத்து, பக்கவிளைவு எதனால் வந்தது என்ற கணக்கையும் கெடுக்கிறார். திட்டுவார்களே என்று மறைக்க வேண்டாம். இதைக் கேட்டுத் திட்டுகிற டாக்டர் சோதனை நடத்தத் தகுதியற்றவர்.

சோதனைக்கு ஆதரவு என்றால் கையெழுத்துப் போடுவது மட்டுமல்ல. அமெரிக்காவிலேயே சிகிச்சைச் சோதனைகளில் சேரும் புற்றுநோயாளிகள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மறுக்கிறார்கள் என்பதைவிட, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, பக்கத்தில் சோதனை இல்லை, வந்துபோக முடியவில்லை என்பவைதாம் பெரிய தடைகள். தூத்துக்குடியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை சென்னை வந்து போவதற்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி போகும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு என்பதையாவது எடுத்துச் சொல்லலாம். கேட்காமலே லீவு கொடுக்கும் முதலாளி, "அங்கெல்லாம் போகாதே, பரிசோதனை செய்து கொன்றுவிடுவார்கள்" என்று பயமுறுத்தாத உள்ளூர் டாக்டர், நோயாளி ஊருக்குப் போன நாளில் பிள்ளைகளுக்குச் சோறு போடும் அடுத்த வீட்டு அக்கா: இவர்கள் யாருடைய பெயரும் ஆய்வுக் கட்டுரையில் வராது. இவர்கள் இல்லாமல் 350 பேரைச் சேர்த்திருக்கவும் முடியாது.

உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் அன்றே விடை சொல்ல வேண்டியதில்லை. தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் நீட்டினால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். நோயாளிக்குப் புரிகிற மொழியில் கொடுப்பது அவர்கள் கடமை. நோயாளியை உட்கார வைத்து உரக்கப் படியுங்கள். நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை தருவீர்கள், இதில் எந்தச் செலவு என்னுடையது, எத்தனை முறை வர வேண்டும், சோதனை முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா என்று விளங்காததை எல்லாம் அதே தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அந்தத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு முறை அந்த எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். எடுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளலாம்.